காற்றைப் பார்த்துக் கடல் கடக்கும் பருந்துகள்



தைப்பூசம் முடிந்து மாசி பிறக்கும் நாட்களில் நம் தோட்டங்களில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. ஆண்டு முழுவதும் நிழலாக இருந்த நிரைகளுக்குள் வெயில் இறங்குகிறது. மரத்தில் பால் குறைகிறது. பால் குறைந்தால் கூலியும் குறையும் என்பதை நம் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று பல தோட்டங்களில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் இலையுதிரும் மாதங்களின் நெருக்கடி நம் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

அந்த மாசி, பங்குனி மாதங்களில்தான் நம் தலைக்கு மேலே மற்றொரு பெரிய உழைப்பு நடக்கிறது. ஆயிரக்கணக்கான பருந்துகள் சுமத்திராவிலிருந்து கடல் கடந்து, நம் தீபகற்பத்தின் வழியாக வடக்கே செல்கின்றன. அவை எப்படிப் போகின்றன, வெயிலும் காற்றும் மழையும் அந்தப் பயணத்தை எப்படி நடத்துகின்றன, அதை நாம் எப்படிக் கண்டு களிக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு பறவை ஓரிடத்தில் குஞ்சு பொரித்து, குளிர் வந்ததும் இன்னோரிடம் சென்று தங்கி, மீண்டும் பழைய இடத்துக்கே திரும்புவதை வலசை என்கிறோம். ஜப்பான், கொரியா, வடசீனா, சைபீரியா போன்ற இடங்களில் குளிர்காலம் கடுமையானது. பூச்சி இல்லை, பல்லி, தவளை இல்லை. ஆகவே அங்குள்ள பல பறவைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தெற்கே புறப்பட்டு நம் நாட்டுக்கும், சுமத்திரா, ஜாவா, போர்னியோ தீவுகளுக்கும் வருகின்றன. வடக்கே வசந்தம் தொடங்கும்போது திரும்பிச் செல்கின்றன. அந்தத் திரும்பும் பயணத்தைத்தான் நாம் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை காண்கிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். நம் நாட்டில் வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கின்றன. அப்படியிருக்க, சுமத்திராக் காட்டில் இருக்கும் பருந்துக்கு வடக்கே வசந்தம் வரப்போவது எப்படித் தெரியும்?

பறவையின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது என்று அறிவியலார் கண்டிருக்கிறார்கள். காலம் நெருங்கும்போது அதன் உடலில் கொழுப்பு சேருகிறது. அது அமைதியிழந்து, பயணத்துக்கு ஆயத்தமாகிறது. ஆனால், அந்தக் கடிகாரம் மாதத்தைத்தான் சொல்லும். எந்த நாளில் புறப்படுவது, எந்த நேரத்தில் கடலின் மேல் இறங்குவது என்பதை வானிலைதான் தீர்மானிக்கிறது.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. காலண்டரில் அன்று வேலை நாள்தான். ஆனால் விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. பெரட்டுக்குப் போகுமுன் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்த பழக்கம் நம் பெற்றோருக்கு உண்டு. பருந்தும் அப்படித்தான் வானத்தைப் பார்த்துத் தன் நாளை முடிவு செய்கிறது.

இனி அந்தப் பயணியைப் பற்றிச் சொல்கிறேன். இவ்வழியே செல்லும் பருந்துகளுள் மிகப் பெரும்பாலானவை தேன் பருந்துகள். ஒன்றின் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். சிறகை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி. உடம்புக்குத் தலை சிறியது. தூரத்தில் பார்த்தால் புறாத் தலை போலத் தோன்றும். இது கோழிக்குஞ்சைத் தூக்கிப் பிழைக்கும் பறவை அன்று. குளவிக் கூட்டையும் தேன் கூட்டையும் பிய்த்து, உள்ளே இருக்கும் புழுக்களை உண்பதே இதன் வழக்கம். கொட்டுக்கு அஞ்சாமல் இருக்க இதன் முகத்தில் மீன் செதில் போன்ற கெட்டியான சிறு இறகுகள் நெருக்கமாக அமைந்துள்ளன.

இவ்வளவு கனமான பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் சிறகடித்தே போக முயன்றால் என்ன ஆகும்? சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் சில நாட்களில் தீர்ந்துவிடும். மேட்டில் மிதிவண்டியை மிதிப்பது போன்றது சிறகடித்துப் பறப்பது. இறக்கத்தில் மிதிக்காமலே ஓட விடுவது போன்றது சிறகை விரித்து மிதப்பது. பருந்துக்கு அந்த இறக்கத்தைத் தருவது சூடான காற்று.

காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறும்போது நிலம் சூடாகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் சூடாகி, இலேசாகி, மேலே எழுகிறது. குப்பையைக் கொளுத்தும்போது கரித்துகள்கள் சுழன்று சுழன்று மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலை பெரிய அளவில் வெயிலால் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றுத் தூணுக்குள் பருந்து நுழைந்து, சிறகை அசைக்காமல் வட்டமிட்டு, பல நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. பிறகு போக வேண்டிய திசையில் சரிந்து சரிந்து மிதந்து செல்கிறது. உயரம் குறையும்போது அடுத்த காற்றுத் தூணைத் தேடிப் பிடிக்கிறது. இப்படி ஏறுவதும் சரிவதுமாகவே நாள் முழுவதும் பயணம் நடக்கிறது.

எல்லாப் பறவைகளும் இந்த முறையில் பயணம் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்தில் நம் பட்டணங்களில் மின்கம்பிகளில் வரிசை வரிசையாக வந்து அமரும் தகைவிலான் குருவிகளும் வடக்கிலிருந்து வந்தவைதான். அவை இலேசானவை, சிறகடித்தே பறக்கும், வழியிலேயே பூச்சி பிடித்து உண்ணும். காட்டுக்குள் வாழும் சிறு பறவைகள் பல, இரவில்தான் வலசை போகின்றன. இரவுக் காற்று குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருப்பதால் அவற்றுக்கு அது வசதி. பருந்துக்கோ வெயில் வேண்டும். அதனால்தான் அதன் பயணம் நம் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடக்கிறது.

ஆனால் வழியில் கடல் குறுக்கிடுகிறதே! கடல்நீர் நிலத்தைப் போல வெயிலில் விரைவாகச் சூடேறுவதில்லை. ஆகவே நிலத்தின் மேல் எழுவது போன்ற வலுவான காற்றுத் தூண்கள் மலாக்கா நீரிணையின் மேல் பருந்துக்குக் கிடைப்பதில்லை. புறப்படும்போது எடுத்த உயரத்தைக் கொண்டே முடிந்தவரை மிதக்க வேண்டும். மீதித் தூரத்தைச் சிறகடித்தே கடக்க வேண்டும். அதனால் பருந்துகள் நீரிணை மிகவும் ஒடுங்கிய இடத்தைத் தேடுகின்றன. சுமத்திராப் பக்கம் ரூபாட் தீவு. நம் பக்கம் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 38 கிலோமீட்டர், அதாவது 24 மைல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க ஓர் இடம் இல்லாத பயணம்.

தஞ்சோங் துவான் நெகிரி செம்பிலான் மாநிலம் சூழ இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்கு உரிய நிலம். குன்றும் கடற்கரைக் காடும் கொண்ட காப்பிடம். உச்சியில் 1863-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. கப்பலுக்கு வழிகாட்டக் கட்டப்பட்ட அந்தக் குன்றே, கடல் கடந்து வரும் பருந்துக்கும் முதல் கரையாக அமைந்திருக்கிறது.

இப்போது வானிலையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது வெயில். ரூபாட் தீவில் காலை வெயில் ஏறிக் காற்று மேலெழத் தொடங்கிய பிறகே பருந்துகள் உயரம் எடுத்துப் புறப்பட முடியும். வானம் மூடியிருந்தால் காற்றுத் தூண் உருவாகாது. உருவானாலும் வலு இருக்காது. ஆகவே நல்ல வெயில் நாளில் பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நம் கரையில் அவற்றை எதிர்பார்க்கலாம். காலை ஏழு மணிக்குப் போய்க் காத்திருப்பவருக்கு வெறும் கடல்தான் தெரியும்.

இரண்டாவது காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. வடக்கே போகும் பறவைக்கு இது எதிர்க்காற்று. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இதன் வேகம் தளர்கிறது. மேற்குக் கரையில் மழையும் குறைவாக இருக்கும் காலம் பிப்ரவரி. பருந்துகள் வரத் தொடங்குவதும் அப்போதுதான். மேலும், நண்பகலில் நிலம் சூடாகிக் காற்று மேலெழும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து கரையை நோக்கிக் கடற்காற்று வீசும். நம் கரையை நெருங்கும் பருந்துக்கு அது பின்னாலிருந்து தள்ளும் துணைக்காற்று. அதே காற்று தஞ்சோங் துவான் குன்றில் மோதி மேலே எழும்பும்போது, களைத்து வந்த பறவையைத் தூக்கியும் விடுகிறது.

மூன்றாவது மழை. மார்ச் முடிந்து ஏப்ரல் வரும்போது பிற்பகலில் இடிமழை பெய்வது மிகுதியாகிறது. ஏப்ரல் முதல் சுமத்திராக் காற்று என்று நாம் சொல்லும் சூறைக்காற்றும் விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரத் தொடங்கும். நனைந்த சிறகோடு கடலைக் கடப்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே மழைநாளில் பருந்துகள் ரூபாட் தீவிலேயே மரங்களில் ஒதுங்கிக் காத்திருக்கும். பாதி வழியில் மழை மறித்தால், திரும்பிப் போகவும் முடியாமல் கரை சேரவும் முடியாமல் கடலில் விழுந்து மடியும் பறவைகளும் உண்டு. ஒருநாள் மழையால் தடைபட்ட கூட்டம் மறுநாள் வெயில் அடித்தால் ஒன்றாகப் புறப்படும். அதனால் மழைக்கு மறுநாள் பளிச்சென்று விடிந்தால், பறவை பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அப்படிப்பட்ட நாளில் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பருந்துகள் வரை கடப்பதைக் காணலாம்.

நான்காவது, மனிதன் உண்டாக்கும் வானிலை. அதுதான் புகைமூட்டம். 2014-ஆம் ஆண்டு சுமத்திராவின் ரியாவ் மாநிலத்தில் காட்டுத்தீ பரவியபோது, மார்ச் மாதத்தில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டியது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் மூச்சுத் திணறிய நாட்கள் அவை. ரூபாட் தீவு அந்த ரியாவ் மாநிலத்தைச் சேர்ந்ததுதான். புகையில் சூரியன் மங்கினால் நிலம் சூடாவது குறையும். நிலம் சூடாகாவிட்டால் காற்றுத் தூண் தளரும். எதிர்க்கரையும் கண்ணுக்குத் தெரியாது. நமக்குக் கேடான காற்று அவற்றுக்கும் கேடுதான்.

இத்தனையும் கடந்து கரை சேரும் பருந்தைப் பார்த்தால்தான் அதன் பாடு விளங்கும். உயரமெல்லாம் கடலிலேயே தீர்ந்து, அலைக்குச் சற்று மேலே, கனத்த சிறகடிப்போடு வரும். கடற்கரையில் நிற்பவரின் தலைக்கு மேலே, மரத்தின் உயரத்தில், இறகின் கோடுகள்கூடத் தெரியும்படி கடந்து போகும். குன்றை எட்டியதும் சில பறவைகள் மரத்தில் அமர்ந்துவிடும். மற்றவை நிலத்திலிருந்து எழும் சூடான காற்றைப் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு ஏறும். பத்து, இருபது, ஐம்பது பருந்துகள் ஒரே சுழலில் ஏறி, புள்ளிகளாகி, வடக்கே சரிந்து மறையும். அங்கிருந்து தாய்லாந்து வழியாகச் சீனா நோக்கி அவற்றின் பயணம் தொடர்கிறது.

அவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதை எப்படி அறிந்தார்கள்? ஜப்பானில் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும், 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தேன் பருந்துகளின் முதுகில் இலேசான ஒலிபரப்பிக் கருவிகளைப் பொருத்தி, துணைக்கோள் வழியாக அவற்றைப் பின்தொடர்ந்தனர். ஜப்பானிலிருந்து கிளம்பிய பருந்துகள் சீனா, இந்தோசீனா, நம் தீபகற்பம் ஆகியவற்றைக் கடந்து ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரை செல்வது தெரியவந்தது. ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர்!

அந்த ஆராய்ச்சியில் தெரிந்த மற்றொரு செய்தி நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமானது. இலையுதிர்காலத்தில் தெற்கே வரும்போது ஜப்பானியத் தேன் பருந்துகள் கிழக்குச் சீனக் கடலை நேராகவே கடக்கின்றன. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் திறந்த கடல்! அந்தப் பருவத்தில் அங்கே பின்காற்று அவற்றுக்குத் துணையாக வீசுகிறது. வசந்தத்தில் அந்தத் துணை இல்லை. ஆகவே திரும்பும்போது அதே கடலைக் கடக்காமல், வடக்கே வெகுதூரம் ஏறி, கொரியா வழியாகச் சுற்றிக்கொண்டு ஜப்பானை அடைகின்றன. பயணம் நீண்டாலும் பரவாயில்லை, காற்று இல்லாத கடலில் இறங்குவதில்லை என்பதே அவற்றின் வழி.

நேயர்களே, இதைக் காண நமக்குப் பெரிய செலவு இல்லை. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டில் தஞ்சோங் துவானில் பருந்து காணும் விழாவைத் தொடங்கியது. அது மார்ச் மாதத்தில் நடைபெறும் விழா. குடும்பத்தோடு போக விரும்புவோர் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லலாம். தொப்பியும் தண்ணீரும் மறவாதீர்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது; ஆனால் அதைக் கொண்டு சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் கெட்டுவிடும். களைத்த பருந்து தாழ வரும்போது கூச்சலிடாமல் நிற்க வேண்டும்.

அங்கே போக முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேரா என்று மேற்குக் கரைத் தோட்டங்கள் பலவற்றின் மேலாகப் பருந்துகள் கடந்து செல்லக்கூடும். வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம். வானத்தில் வட்டமிடுவதெல்லாம் வலசைப் பறவை என்று எண்ணிவிடக் கூடாது. செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையும் உள்ள கருடன் இங்கேயே வாழ்வது. பல பருந்துகள் ஒரே சுழலில் ஏறி, ஒரே திசையில் சரிந்து போனால், அது வலசைக் கூட்டம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு பள்ளி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் விடுமுறை நாட்களில் பகல் பதினொரு மணிக்குமேல் அரை மணி நேரம் வானத்தைப் பாருங்கள். தேதி, நேரம், வெயிலா மேகமா, முதல்நாள் மழை பெய்ததா, அடுப்புப் புகையும் தென்னை ஓலையும் எந்தப் பக்கம் சாய்கின்றன, எத்தனை பருந்துகள், எந்தத் திசையில் போயின என்று எழுதி வாருங்கள். ஒன்றும் காணாத நாளிலும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படி எழுதினால், எந்த வானிலையில் பறவை வரும் என்று உங்கள் நோட்டே உங்களுக்குச் சொல்லும். ஆராய்ச்சியாளர்களும் இப்படி எண்ணித்தான் கற்றுக்கொண்டார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. லாஸ்டிக் என்று பிள்ளைகள் சொல்லும் உண்டிவில்லால் தாழப் பறக்கும் பறவையை அடிப்பது விளையாட்டாகத் தோன்றலாம். மரத்தில் ஒதுங்கியிருக்கும் அந்தப் பருந்து ஒரு கடலைக் கடந்து வந்திருக்கிறது. இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் அதற்கு மீதமிருக்கிறது. அதற்கு வேண்டியது சில மணி நேர ஓய்வு மட்டுமே. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பருந்தினங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. காயம்பட்ட பறவையைக் கண்டால் கூண்டில் அடைத்து வளர்க்க முயலாமல், பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். அதைப் போலவே, கரையோரக் குன்றும் காடும் நிலைத்திருப்பதும் இப்பறவைகளுக்கு உயிர்ப் பிரச்சினை. கடலைக் கடந்து வந்த பறவைக்கு இறங்க ஒரு மரமும், மேலே தூக்கிவிட ஒரு குன்றும் வேண்டும்.

மழை நின்ற மறுநாள் வெயில் ஏறும்போது, வேலைக்கு நடுவே ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். நம்மைப் போலவே வானத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு கூட்டம் உங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கலாம்.